கான்ஜிக்குக் கதை கட்டுவது: காத்திரு, பிடி, சாமுராய், சிறப்பு நான்கும் கலங்குவது ஏன்?

#1 புதுக்கோடு

கான்ஜியை (ஜப்பானிய மொழியில் பயன்படும் சீன வழி எழுத்துகள்) கதை கட்டி மனதில் வைக்கும் நினைவுக்கதை முறை முதல் இருநூறு முந்நூறு எழுத்துகள் வரை ஒழுங்காக ஓடுகிறது. ஐந்நூறை ஒட்டி வந்ததும் ஒத்த முகங்கள் கலங்க ஆரம்பிக்கின்றன. உதாரணத்துக்கு, வலப்பக்கம் 'விகாரை' (தேரா) என்ற உறுப்பு, அதாவது எழுத்தின் பகுதி, வரும் நான்கு எழுத்துகள். இப்போது நினைவட்டையில் (ஃபிளாஷ் கார்டு) இருக்கும் கதைகள் இவை:

காத்திரு: ஒருவர் விகாரையில் காத்திருக்கிறார்.
பிடி: ஒருவர் விகாரையில் எதையோ பிடித்திருக்கிறார்.
சாமுராய்: விகாரையில் ஒரு சாமுராய் நிற்கிறார்.
சிறப்பு: அந்த விகாரை மிகவும் சிறப்பானது.

கதை முறையே தப்பா, கதை கட்டிய விதம் தப்பா? ஓசையை (சீன வழி ஓசையான ஓன்யோமி, ஜப்பானியச் சொல்லின் ஓசையான குன்யோமி) கதைக்குள் கொண்டுவரலாமா என்பதையும் சொல்லுங்கள். பல போன்களில் ஜப்பானிய எழுத்துரு வெறும் கட்டமாகத் தெரிவதால், வடிவத்தைச் சொல்லாலேயே விளக்கிவிட்டால் நல்லது.

#2 கீற்று

முறை தப்பில்லை, கதைதான் தப்பு. நாலு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாலிலும் விகாரை இருக்கிறது. நாலிலும் இடப்பக்க உறுப்பு இல்லை! நாலுக்கும் பொதுவானதைச் சொல்லிவிட்டு, எது வேறோ அதை விட்டுவிட்டீர்கள். முந்நூறு வரை இது தெரியாது, ஏனென்றால் அதுவரை விகாரை வரும் எழுத்து ஒன்றோ இரண்டோதான் படித்திருப்பீர்கள்.

இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காத்திரு: மூன்று கோட்டு 'கியோனின்பென்', அதாவது ஆள் உறுப்பின் தலையில் இன்னொரு சாய்கோடு. பிடி: மூன்று கோட்டுக் கை. சாமுராய்: இரண்டு கோட்டு ஆள். சிறப்பு: நான்கு கோட்டு மாடு. விகாரைக்கு 6 கோடு. ஆக மொத்தம் 9, 9, 8, 10. எண்ணிக்கை மனப்பாடம் வேண்டாம், எழுதி முடித்ததும் சரிபார்க்க உதவும்.

திருத்திய கதைகள்:

காத்திரு: ஆளுக்குப் பின்னால் ஆள், விகாரை வாசல்வரை வரிசை. நகரவே இல்லை.
பிடி: சாய்ந்து விழப்போன விகாரையை ஒரே ஒரு கை தாங்கிப் பிடிக்கிறது.
சாமுராய்: வரிசை எல்லாம் கலைந்துவிட்டது. வாசலில் ஒற்றை ஆள், இடுப்பில் வாள்.
சிறப்பு: விகாரை மண்டபத்துக்குள் ஒரு காளை. இதைவிடத் தனிச்சிறப்பான காட்சி வேறென்ன?

மூன்றாவது கதை முதல் கதையைத் தொட்டுக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். வரிசை என்றால் காத்திரு, ஒற்றை ஆள் என்றால் சாமுராய். குழம்பும் ஜோடியை ஒரே காட்சியின் இரண்டு கட்டங்களாக வைத்தால் குழப்பமே அடையாளமாகிவிடும்.

இன்னொரு விஷயம், கியோனின்பென் வரலாற்றில் ஆளே இல்லை. நாற்சந்தியின் இடப்பாதி. ஆனால் அதற்குச் 'சாலை' என்று பெயர் வைத்தால், கீழே வளைந்து ஓடும் இன்னொரு சாலை உறுப்போடு (ஷின்னியோ) முட்டும். 'வரிசை' என்று வைத்தால் முட்டாது. 'பிறகு' என்ற எழுத்திலும் இதே உறுப்புதான், அங்கேயும் வரிசை பொருந்தும்: வரிசையில் பின்னால் நிற்பவர்.

#3 ஒற்றெழுத்து

கீற்று சொன்னது பொருளுக்கும் வடிவத்துக்கும். ஓசைக்கு வருகிறேன்.

கான்ஜியில் பெரும்பான்மை 'கெய்செய்' வகை: ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஓசையைத் தரும். விகாரைக்கு ஓன்யோமி 'ஜி'. சூரியன் சேர்ந்தால் நேரம், ஓசை 'ஜி'. கை சேர்ந்தால் பிடி, 'ஜி'. ஆள் சேர்ந்தால் சாமுராய், 'ஜி'. பேச்சு சேர்ந்தால் கவிதை, 'ஷி'. ஆக நாலில் மூன்று அப்படியே, ஒன்று மட்டும் லேசாக நழுவுகிறது. விலகிப் போகிறவையும் உண்டு: காத்திரு 'தை', சிறப்பு 'தோகு'. புதுக்கோடு தடுமாறும் நான்கில் இந்த இரண்டும் இருப்பது தற்செயல் இல்லை, குடும்ப ஓசையை நம்பிக் கை நீட்டினால் ஏமாற்றுபவை இப்படிப்பட்டவைதான்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓசை ஒட்டாதீர்கள். குடும்பத்துக்கு ஒன்று, விதிவிலக்குக்கு மட்டும் தனி. இதைவிடச் சுத்தமான குடும்பம் 'நீலம்' (ஆவோ), ஓன்யோமி 'செய்'. தண்ணீர் சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள், அரிசி சேர்ந்தால் சாரம். எல்லாம் 'செய்'. தமிழில் 'சேய்' என்ற சொல்லைப் பிடித்து நீல உறுப்பு வரும் இடமெல்லாம் ஒரு குழந்தையை நிறுத்தலாம். தண்ணீரில் குளித்த சேய் தூய்மை, வாய்விட்டுக் கேட்கும் சேய் வேண்டுகோள். நெஞ்சு சேர்ந்த 'உணர்ச்சி' மட்டும் பெரும்பாலும் 'ஜோ' (நெடில்). அந்தக் கதையில் குழந்தையை வைக்காதீர்கள். குழந்தை இல்லாததே குறிப்பு.

ஒரு திருத்தம்: எழுத்தில் 'செ-இ' என்றிருந்தாலும் உச்சரிப்பு நீண்ட 'சே'. 'சேய்' உருவத்துக்கு மட்டும், வாய்க்கு இல்லை.

#4 புதுக்கோடு

சேய் நன்றாக ஒட்டுகிறது. அப்படியானால் குன்யோமிக்கும் தமிழ்ச் சொல்லைப் பிடிக்கலாமா? 'வாய்' எழுத்துக்குக் குன்யோமி 'குச்சி' மாதிரியே கேட்கிறதே.

#5 நெடில்

பிடிக்கலாம், ஆனா நீங்க எடுத்த உதாரணத்துலயே பொறி இருக்கு. ஜப்பானிய ஓசை 'குசி' (குச்சியில வர்ற அதே வல்லின ச), ஆனா ச ஒத்தையாத்தான் வரும், இரட்டிக்காது. தமிழ்ல குச்சின்னு அழுத்திப் பழகினா வாயும் அழுத்தும். ஜப்பானிய மொழியில இரட்டிப்பு பொருளையே மாத்திடும்: 'கிதே' என்றால் வந்து, 'கித்தே' என்றால் தபால்தலை. அதனால ஒற்று இரட்டிக்காத தமிழ்ச் சொல் கிடைச்சா மட்டும் எடுங்க.

சுத்தமா பொருந்துறது சில இருக்கு. கடல் எழுத்துக்குக் குன்யோமி 'உமி'. அலை முழுக்க உமி மிதக்குதுன்னு வெச்சுக்கோங்க. 'தற்காலிகம்' எழுத்துக்கு 'கரி', சுவத்துல கரியால எழுதினது, நாளைக்கு அழிஞ்சுடும். உயிருள்ளது இருப்பதைச் சொல்ற 'இரு'வுக்குக் கதையே வேண்டாம், ஓசையும் பொருளும் அப்படியே நம்ம இரு.

குறில் நெடில் நமக்கு ரத்தத்துலயே இருக்கு, அதை விட்டுடாதீங்க. 'பழைய' எழுத்து 'கொ', 'உயரம்' எழுத்து 'கோ'. 'இடம்' ஓன்யோமி 'ஷொ', 'சிறிய' 'ஷோ'. குறில் ஓசைக்குக் குறில்ல தொடங்குற சொல், நெடிலுக்கு நெடில். கோ என்றால் அரசன், உயர்ந்த இடத்துல உக்கார்ந்திருக்கான். முடிஞ்சது.

நம்ம எழுத்து காலை வாருற இடம் வேற. க, த, ப மூணுக்கும் அதிரும் ஓசை அதிராத ஓசைன்னு தனி எழுத்து நம்மகிட்ட இல்ல. பல்கலைக்கழகத்துக்கும் 'படிப்பை நடுவுல விட்டு நிக்கிறது'க்கும் ஜப்பானிய மொழியில முதல் ஓசை மட்டும்தான் வேற. அதிர்ந்தா பல்கலைக்கழகம், அதிராட்டி படிப்பு நின்னுபோச்சு. தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'தைகக்கு'! அதனால அட்டையில ஓசையை ஹிராகனாவுல (ஜப்பானிய ஓசை எழுத்து) மட்டும் எழுதுங்க. அதுல அதிரும் ஓசைக்கு மேல ரெண்டு குட்டிக் கோடு (தகுதென்) வந்துடும், குழப்பம் இல்ல.

'கை'ன்னு ஒரு ஓன்யோமி இருக்கே, அதுகிட்ட ஜாக்கிரதை. கடல், கூட்டம், தடவை எல்லாத்துக்கும் 'கை'தான். நம்ம கையை உருவமா வெச்சா கை உறுப்போட மோதும். கை உறுப்பு எத்தனையோ எழுத்துல வருது. அந்த ஓசைக்குத் தமிழ்ச் சொல் வேண்டாம்.

#6 சொல்லேடு

மாற்றுக் கருத்து ஒன்று. குன்யோமி, ஓன்யோமி இரண்டையும் கதைக்குள் திணிப்பது தேவையில்லாத சுமை. 'உயிர் / பிறப்பு' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் என்ற சொல்லில் அது 'செய்'. வாழ்நாள் முழுதும் என்ற சொல்லில் 'ஷோ'. பிறந்தநாளில் 'ஜோ'. வாழ் என்ற வினையில் 'இ', பிற என்ற வினையில் 'உ', தனியாக நின்றால் 'நமா' என்று வந்து பச்சையாக, வேகாமல் என்று பொருள். இத்தனைக்கும் கதை கட்டினால் கதைக்கே ஒரு அகராதி வேண்டும்.

ஓசை சொல்லோடு வரட்டும். கதை வடிவத்தையும் ஒரு பொருளையும் மட்டும் தூக்கினால் போதும். ஒரு எழுத்துக்கு இரண்டு அல்லது மூன்று சொற்கள் எடுத்து, அந்தச் சொற்களுக்குத் தனி அட்டை போடுங்கள். கதை என்பது சாரம் மாதிரி, சுவர் எழுந்ததும் பிரித்துவிட வேண்டியது. எழுத்தைப் பார்த்ததும் சொல் நேரடியாக வந்தால் கதையை மறந்துவிட்டதற்காக வருந்தத் தேவையில்லை.

#7 ஒற்றெழுத்து

சொல்லேடு சொல்வது 'உயிர்' மாதிரி எழுத்துகளுக்கு முழுக்கச் சரி, அதற்குக் கதையில் ஓசை வைக்கவே கூடாது. ஆனால் நீலக் குடும்பத்துக்கு ஒரு சேய் வைப்பதால் நான்கைந்து எழுத்துகளின் ஓசை ஒரே செலவில் கிடைக்கிறது. அதை ஏன் விட வேண்டும்? ஒரே ஓன்யோமி, மூன்றுக்கு மேற்பட்ட உறவுகள் என்றால் வையுங்கள். இல்லாவிட்டால் சொல்லேடு வழி.

#8 கீற்று

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உறுப்புகளின் பட்டியல் கதை ஆகாது. மரம், வாய் என்ற இரண்டை மட்டும் வைத்து எத்தனை எழுத்து பாருங்கள். மரத்துக்குக் கீழே வாய் என்றால் சர்க்கரை பாதாமி. மரத்துக்கு மேலே வாய் என்றால் 'திகைப்பு'. மரத்தின் தண்டை நடுவில் வாய் குறுக்கே வெட்டினால் 'கட்டு' (விறகுக் கட்டு). மரம் முழுக்கப் பெட்டிக்குள் மாட்டினால் 'இக்கட்டு', ஆனால் இந்தப் பெட்டி வாய் இல்லை, அளவில் பெரிய தனி உறுப்பு.

'மரமும் வாயும் சேர்ந்தால்...' என்று தொடங்கும் எந்தக் கதையும் இங்கே உதவாது. வினைச்சொல்லில் இடம் இருக்க வேண்டும்: மரத்தடியில் வாயைத் திறந்து விழும் பழத்துக்காகக் காத்திருப்பது, மரக்கட்டையை நடுவில் இறுக்கிக் கட்டுவது, நாலு சுவருக்குள் வளர இடமில்லாமல் மரம் திணறுவது. தமிழில் 'உம்' போட்டு அடுக்கிக்கொண்டே போகும் பழக்கம் இருக்கிறதே, கதை எழுதும்போது அதுதான் எதிரி. 'உம்' இரண்டுக்கு மேல் வந்தால் கதையைத் திரும்ப எழுதுங்கள்.

உறுப்பு நான்கைத் தாண்டினால் இரண்டைச் சேர்த்து ஒரு பெயர் வையுங்கள். விகாரையே 'மண்' மேலும் 'அங்குலம்' கீழும் சேர்ந்ததுதானே, அதை ஒவ்வொரு முறையும் பிரிப்பதில்லை. பெயர் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்கட்டும். 'மறுபடியும்' என்று பொருள்படும் இரண்டு கோட்டு உறுப்பைக் கதையில் எப்படி நடமாட விடுவீர்கள்? அது மூலத்தில் வலக்கை. வேறொரு கை உறுப்பு ஏற்கனவே இருப்பதால் 'மடக்கு நாற்காலி' என்றாவது வையுங்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது.

#9 பழங்கோடு

உண்மையான சொல்வரலாறு கிடைத்தால் அதையே கதையாக்குவது நல்லது, கீற்றுவின் காளை அப்படித்தான். 'சிறப்பு' எழுத்து முதலில் காளையைக் குறித்தது என்றுதான் கி.பி. 100 அளவில் சீனாவில் தொகுத்த எழுத்து அகராதி சொல்கிறது. ஆனால் ஜப்பானிய வடிவங்களில் வரலாறு சில இடங்களில் குழி பறிக்கும். 1949இல் பல எழுத்துகளைச் சுருக்கினார்கள். அதில் நாய் ஒன்று அடிபட்டது.

'நாற்றம்' என்ற எழுத்து பழைய வடிவில் மேலே மூக்கு, கீழே நாய். (மேலே இருப்பது இன்று 'தான்' என்று பொருள்படும் எழுத்து. அதன் மூலம் மூக்கு. ஜப்பானியர் தன்னைச் சுட்டும்போது இன்றும் மூக்கைத்தான் காட்டுவார்கள்.) நாய் என்பது 'பெரிய' எழுத்தின் தோளில் ஒரு புள்ளி. 1949 வடிவத்தில் அந்தப் புள்ளி போய்விட்டது, இப்போது கீழே இருப்பது வெறும் 'பெரிய'. மூக்கு, நாய் என்று அழகாக வரலாற்றுக் கதை கட்டியவர் கட்டாயம் புள்ளி வைத்துவிடுவார். தவறு.

பாத்திரம் (நான்கு வாய், நடுவில் முன்பு நாய்), 'குத்து' (பொந்துக்கடியில் முன்பு நாய்), 'திரும்பு' (கதவுக்கடியில் முன்பு நாய்) எல்லாவற்றிலும் இதே கதிதான். ஆனால் 'மோப்பம்' எழுத்து 2010 திருத்தத்தில்தான் ஜோயோ பட்டியலுக்கு (அன்றாடப் பயன்பாட்டுக் கான்ஜிகளின் அரசுப் பட்டியல்) வந்தது, சுருக்காமல் அப்படியே. அதில் நாய் புள்ளியோடு இருக்கிறது. ஆகவே இப்படி வையுங்கள்: நாற்றம் தாங்காமல் நாய் புள்ளியை உதறிவிட்டு ஓடியது, மோப்பம் பிடிக்கும் நாய் மட்டும் புள்ளியைக் கண்டெடுத்தது. 'படு / பதுங்கு' (ஆள் பக்கத்தில் நாய்), 'மௌனம்' இரண்டிலும் புள்ளி உண்டு, சுருக்கம் அந்தப் புள்ளியைத் தொடவில்லை.

புள்ளி விவகாரத்தில் இன்னொன்று: துணி உறுப்புக்கு 5 கோடு, தெய்வ உறுப்புக்கு 4. இடப்பக்கம் நிற்கும்போது வித்தியாசம் ஒரே ஒரு சிறு கோடு. துணிக்கு ஒரு பொத்தான் கூடுதல் என்று வைத்தால் போதும். கடவுள், நன்றி வணக்கம், கொண்டாட்டம், நற்பேறு எல்லாம் பொத்தான் இல்லாதவை. 'முதல்' மட்டும் எல்லாரையும் கவிழ்க்கும், அது துணி உறுப்பு, பக்கத்தில் கத்தி. தையலில் முதல் வேலை வெட்டுவதுதானே.

#10 சொல்லேடு

பொருளுக்கு வைக்கும் குறிச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஆங்கிலக் குறிச்சொல் பட்டியலைத் தமிழாக்கினால் இரண்டு மூன்று எழுத்து ஒரே தமிழ்ச் சொல்லில் விழும். 'சீக்கிரம்' மிக மோசம். சீக்கிரம் எழுந்தான் என்றால் முன்னதாக, சீக்கிரம் ஓடினான் என்றால் வேகமாக. ஜப்பானிய மொழியிலும் இரண்டுக்கும் ஓசை 'ஹயை', ஆனால் எழுத்து வேறு வேறு. சூரியனுக்குக் கீழே பத்து என்றால் முன்னதாக. விறகுக் கட்டு சாலையில் போனால் வேகம். ஆகவே 'வைகறை', 'வேகம்' என்று பிரித்து வையுங்கள், சீக்கிரம் என்ற சொல்லையே அட்டையில் விடாதீர்கள்.

'பார்' இன்னொன்று. தமிழில் இதற்குச் சொல்வளம் உண்டு, பயன்படுத்துங்கள். கண்ணுக்குக் கால் முளைத்தது 'காண்'. கண்ணுக்கு மேலே கையை மறைத்துப் பிடித்தது 'கவனித்துக்கொள்', செவிலியர் பணியில் வருவது. மருத்துவர் பார்ப்பது 'நாடி பார்'. சுற்றுலாவில் வருவது 'காட்சி'. கோயில் என்பதையும் விகாரைக்கு வைக்காதீர்கள். ஜப்பானின் ஷின்தோ சமய ஆலயங்களுக்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன, மோதும்.

#11 அட்டைக்காரன்

ஆங்கி (நினைவட்டைச் செயலி) வெச்சிருக்கவங்களுக்கு. புது அட்டை நாளுக்கு 20ன்னு தானா இருக்கும், அதை 10க்கு இறக்குங்க. ஜோயோ மொத்தம் 2136, நாளுக்கு 10 போட்டா 214 நாள். 20 போட்டா 107 நாள்னு கணக்கு இனிக்கும், ஆனா தினசரி மீள்பார்வை புது அட்டை எண்ணிக்கையப்போல எட்டு பத்து மடங்கு ஏறும். மூணாவது வாரத்துல மூச்சு முட்டும்.

எட்டு முறை தப்பினா அட்டையை ஆங்கி 'லீச்'னு முத்திரை குத்திடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வெச்சிடும். அட்டையே அட்டையா ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குதுன்னு அர்த்தம். அதைத் திரும்பத் திறந்து இன்னும் எட்டு முறை அடிக்காதீங்க. லீச் ஆன அட்டையில பெரும்பாலும் கதைதான் சரியில்ல, உழைப்பு குறைவில்ல. எந்த எழுத்தோட குழப்புறீங்களோ அதையும் எடுத்து, ரெண்டு கதையையும் ஒண்ணா திரும்ப எழுதி அப்புறம் விடுங்க.

திசை முக்கியம். எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்றது ஒண்ணு, பொருளைப் பார்த்து எழுத்தை எழுதுறது வேற. ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) தேர்வுல கையால எழுதுறது இல்ல, விடையைத் தேர்ந்தெடுக்கிறதுதான். அதுக்கு முதல் திசை போதும். கான்கென் (கான்ஜித் திறன்) தேர்வு எழுதணும்னா ரெண்டாவது திசை இல்லாம முடியாது, அதுல 2ஆம் நிலை 2136 எழுத்தையும் கேட்கும். ரெண்டாவது திசையில அட்டை புரட்டுறதுக்கு முன்னாடி விரலாலயாவது ஒரு தடவை முழுசா எழுதுங்க. மனசுல 'தெரியும்'னு தோணுறது பாதி நேரம் பொய்.

பள்ளி வகுப்பு வரிசையில (முதல் வகுப்பு 80, ஆறு வகுப்பும் சேர்த்து 1026) போகணும்னு இல்ல. அந்தக் குழந்தைக்குச் சொல் ஏற்கனவே வாயில இருக்கு, எழுத்து மட்டும்தான் புதுசு. நமக்கு ரெண்டும் புதுசு. உறுப்பு முன்னாடி, அது வர்ற எழுத்து பின்னாடின்னு அடுக்குங்க.

#12 புதுக்கோடு

நான்கையும் மாற்றியாகிவிட்டது. அடுத்த ஜோடிக்குக் கட்டிய கதை சரியா பாருங்கள். 'இன்னும் இல்லை', 'முடிவு' இரண்டும் மரம், மேலே கூடுதலாக ஒரு குறுக்குக்கோடு. இன்னும் இல்லை: கிளை இன்னும் வளரவில்லை. முடிவு: கிளை வளர்ந்து முடிந்தது.

#13 கீற்று

நல்ல கதை. எந்தக் கோடு வளரவில்லை என்பதை மட்டும் சேர்த்துவிடுங்கள். மேல்கோடு குட்டை என்றால் 'இன்னும் இல்லை', மேல்கோடு கீழ்க்கோட்டைத் தாண்டினால் 'முடிவு'. கீழ்க்கோடு இரண்டிலும் இருப்பதால் 'கிளை' என்று பொதுவாகச் சொன்னால் ஆறு மாதம் கழித்துத் தலைகீழாகிவிடும். 'உச்சிக்கிளை' என்று எழுதுங்கள். மண் எழுத்தும் போர்வீரன் எழுத்தும் இதே கதைதான், ஆனால் அங்கே தலைகீழ்: கீழ்க்கோடு நீண்டால் மண், மேல்கோடு நீண்டால் போர்வீரன், தோள் அகலம்.

#14 ஒற்றெழுத்து

ஓசையும் காவலுக்கு நிற்கும். 'இன்னும் இல்லை' ஓன்யோமி 'மி', வாய் சேர்ந்த 'சுவை'யும் 'மி'. 'முடிவு' ஓன்யோமி 'மாட்ஸு', கை சேர்ந்து தேயிலைப் பொடி மாச்சாவின் முதல் எழுத்தாக வருவதும் அதே 'மாட்ஸு', பின்னால் ஒற்று இரட்டித்து 'மா' மட்டும் கேட்கும். தங்கை எழுத்து மட்டும் குட்டைக் கிளையோடு 'மை' என்று விலகும். அவள் இன்னும் வளரவில்லை.

#15 புதுக்கோடு

உச்சிக்கிளை என்று மாற்றியாகிவிட்டது. தங்கையும் அதே அட்டையில் ஏறிவிட்டாள்.